இலத்தி அள்ளும் கல்வி

மேலைநாட்டுக் குதிரை லாயங்களில் ‘உழைக்கும் மாணவர்’ என்றொரு வகுப்பார் உண்டு. சவாரிப் பாடத்துக்குக் கட்டணம் கட்ட இயலாத அவர், விடியுமுன் லாயத்தைக் கூட்டி, தீனி வைத்து, சேணத்தைத் துடைத்து, பொழுது எஞ்சினால் குதிரைமேல் ஏற்றப்படுவார் என்பதே ஏற்பாடு. வளர்ந்த குதிரையொன்று நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ இலத்தி, அதாவது குதிரைச் சாணம், போடும் என்பதால் இக்கல்வியின் பெரும்பகுதி குதிரைக்குப் பின்புறத்திலேயே நடந்தேறுகிறது. குளம்பைத் தூக்கி, அதனடியில் முக்கோணமாக அமைந்த மென்பகுதியில் குத்திவிடாமல், இரும்புக் கொக்கியால் அழுக்கைச் சுரண்டும் நுட்பம் கைவருவதற்குள் முதுகு வளைந்துவிடுகிறது. சவாரிக்கோ முதுகு நிமிர்ந்திருக்க வேண்டுமாம்.

சென்னை கிண்டிப் பந்தயம் தொடர்பான வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தபோது, குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் ஆற்றலும் கணக்கில் வந்தன; லாயத்தில் இலத்திக் கூடை தூக்குவோரின் திறமையைப் பற்றி எவரும் வழக்காடவில்லை.

அதே சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ, குதிரை விசைப்படகின் எஞ்சினுக்குள் வசிக்கிறது. ஏறக்குறைய 746 வாட்டுக்குச் சமமான குதிரைத்திறன் எனும் அந்த அளவு, நீராவி எஞ்சினை விற்க ஜேம்ஸ் வாட் பரப்பியது. இக்குதிரை கொள்ளு தின்னாது, டீசல் குடிக்கும். அந்த டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவைக் கழித்தபின் மீதத்தைப் பங்கு பிரிக்கும் வழக்கத்தில், வலை இழுத்துத் தொழில் பழகும் பையனுக்கும் ஏதோ கொஞ்சம் கையில் விழுகிறது. அவனை மாணவன் என்று அழைக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.