இன்னும் ஒரே ஒரு இழு

இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் கட்ட வேண்டும், வயிற்றின் மேல் கட்டக் கூடாது. இது எனக்குத் தெரியும். தேனி பஸ் ஸ்டாண்டில் இளநீர் வெட்டுபவருக்கும் தெரியும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற குடும்பத்துக்கும் தெரியும். யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. பேபி கேரியர் அப்பா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் போதும், தானாகத் தெரிந்துவிடும்.

2023 ஜூனில் சென்னை ரயில் போடி வரைக்கும் வரத் தொடங்கியதிலிருந்து இவர்கள் வரத்து கூடிவிட்டது. ராத்திரி ஏறினால் காலையில் மாமனார் ஊர். முதுகில் லேப்டாப் பை, இடுப்பில் பட்டை, நெஞ்சில் நம் வீட்டுப் பிள்ளை. தனி மனிதர் யாரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. குறிப்பாக, கண்ணாடி போட்ட, ஒன்றேமுக்கால் வயதுப் பெண் பிள்ளைக்கு அப்பாவான, கம்பத்தில் என் தங்கச்சியைக் கட்டிய எவரையும் சத்தியமாக மனதில் வைக்கவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது, பிள்ளையின் தூக்கத்தைப் போனில் குறித்துவைப்பது, அம்மாச்சி ஊட்டும் பருப்புச் சோற்றில் உப்பு எவ்வளவு என்று விசாரிப்பது, இதெல்லாம் இந்த ஜாதிக்கு உண்டு. பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வார் இழுப்பு.

முதலில் இடுப்புப் பட்டை. சடக். அப்புறம் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் துணியை மேலே ஏற்றி, தோள்வாரில் இரண்டு கையையும் நுழைப்பார். தோள்வார் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கிளிப்பு முதுகுப் பக்கம் இருக்கும். அது அவருக்கு எட்டாது. எனக்கு எட்டும். நான் இந்தக் குடும்பத்தில் பிறந்ததே அதற்குத்தான்.

“மச்சான், பின்னாடி அதை மட்டும் கொஞ்சம் மாட்டி விடுங்க.”

மாட்டிவிடுவேன்.

“கொஞ்சம் கீழ எறக்குங்க. ம்ஹூம், ரொம்ப எறங்கிருச்சு. இப்ப இடது வாரை இழுங்க. வலது. அய்யய்யோ, வலது கூடிப்போச்சு, இடதை இழுங்க. ஆங். இன்னும் ஒரே ஒரு இழு மச்சான்.”

வீரபாண்டித் தேருக்கு வடம் பிடித்த கை இது. தேர்கூட இழுத்தால் நகர்ந்து நிலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வாருக்கு நிலையே கிடையாது.

இழுத்து முடித்ததும் பரிசோதனை. பிள்ளையின் முழங்கால் அதன் புட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரைக்கும் துணி தாங்க வேண்டும். கால் இரண்டும் வெறுமனே தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. உட்கார்ந்திருக்கும் வாகு ஆங்கில எழுத்து ‘எம்’ மாதிரி தெரிய வேண்டும். தெரிகிறதா என்று பார்க்க நான் நடுத்தெருவில் குந்த வேண்டும். பிள்ளையின் மூக்கும் வாயும் துணியில் அமுங்காமல், முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். கடைசியாக முத்தச் சோதனை. அப்பா குனிந்தால் பிள்ளையின் உச்சந்தலையில் உதடு பட வேண்டும், அதுதான் சரியான உயரம். உதட்டைக் குவித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டின் நடுவில் குனிவார். எட்டாது. உதட்டைக் குவித்தபடியே என்னைத் திரும்பிப் பார்ப்பார். எதிரே நிற்கும் உத்தமபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ. நான் இன்னொரு தடவை இழுப்பேன்.

அவர் சொல்வதெல்லாம் சரிதான், அதுதான் எரிச்சல். தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். ஊரில் பெரியவர்கள், “காலை அகட்டி வச்சா பிள்ளைக்குக் கால் வளைஞ்சிரும்” என்று பயமுறுத்தியபோது, அகட்டி வைப்பதுதான் நல்லது என்று அவர் பக்கம் நின்று வாதாடியவன் நான்தான். ஆனால் சரியான விஷயத்தை இத்தனை தடவை கேட்டால் அதுவும் அலுத்துவிடுகிறது.

மாமனார் வீட்டுப் பீரோ மேலே ஏறிப் பாருங்கள். வளையம் வைத்த தூளி ஒன்று, வளையம் நழுவுகிறதாம். உடம்பைச் சுற்றிக் கட்டுகிற நீளத் துணி ஒன்று. அதைக் கட்டி முடிப்பதற்குள் பிள்ளை தெருமுனைக்கு நடந்து போய்விடுகிறது. இடுப்பில் முக்காலி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இருக்கை ஒன்று. ஒரு பக்கம் சாய்கிறதாம். மலை ஏறுகிறவர்கள் மாட்டும் கம்பிச் சட்டம் போட்ட பை ஒன்று. வீட்டு நிலையில் இடிக்கிறது. வசதியான கேரியர் இன்னும் அகப்படவில்லை. தேடல் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரைக்கும் இழு மச்சான்.

எங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு அவர் கேரியரின் வரலாற்றைத் தொடங்கியதுதான் இதில் பெரிய தைரியம். அமெரிக்காவிலிருந்து ஆன் மூர் என்ற நர்ஸ் 1960களில் சேவைக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனார். அங்கே தாய்மார்கள் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மகளுக்காக அதுமாதிரி ஒன்றைத் தன் தாயாரைவிட்டுத் தைக்கச் சொன்னார். அது ‘ஸ்னக்லி’ என்று பேர் பெற்று, 1969-இல் காப்புரிமையும் வாங்கியது.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார். கம்பமெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர் அவர். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். பிள்ளையை நெஞ்சில் கட்டினால் குனிய முடியாது, முதுகில்தான் கட்ட வேண்டும். 50 பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அம்மா போன இடத்தில் பழைய நூல் சேலைதான் காப்பகம். அதற்குள் இருந்தவன் நான்.

“அந்தம்மா அம்புட்டுத் தூரம் ஏன் மாப்ள போச்சு? இங்கிட்டு வந்திருந்தா நானே கட்டிக் காமிச்சிருப்பேன்ல.”

“இல்ல அத்தை, இதுல எடை இடுப்புக்கு எறங்கணும், தோள்ல நிக்கக் கூடாது. அதான் விஷயம்.”

“அதத்தான நானும் இடுப்புல முடிஞ்சேன்?”

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் வாரை இழுத்துக்கொண்டிருந்தது.

காதுகுத்து அன்றைக்கு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடி தயார். நான் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆசாரி தங்கக் கம்பியோடு தயார். பிள்ளை மட்டும் வரவில்லை. கேரியருக்குள் தூங்குகிறது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கழற்ற ஒரு முறை உண்டாம்: முதலில் குறுக்குக் கிளிப்பு, பிறகு ஒரு தோள், பிறகு மறு தோள், இடுப்புப் பட்டை கடைசி. முதல் படியே நின்றுவிட்டது, ஏனென்றால் கிளிப்பு முதுகில், மாட்டிவிடுகிற ஆள் மணையில். “மச்சான், ஒரு நிமிசம் எந்திரிச்சு வாங்க.” மாலையோடு எழுந்து போய்க் கழற்றிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். நல்ல நேரம் எங்களுக்காகக் காத்திருந்ததா என்று பஞ்சாங்கத்தில் பார்க்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் பிள்ளையை முதுகுக்கு மாற்றிக்கொண்டு பந்தலுக்குள் நடந்தார். பிள்ளையின் தலை உயரத்தில் கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. இவர் வார் தளர்ந்திருக்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டே போக, முதுகில் ஒருத்தி அறுவடையைத் தொடங்கிவிட்டாள். தோட்டக்காரர் நல்லவர், சிரித்தார். எடை போட்டுக் காசையும் வாங்கிக்கொண்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலைக்குப் போனோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கண்ணகி கோயிலுக்கு விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். பளியன்குடியிலிருந்து என்றால் 6 கிலோமீட்டருக்கு மேல் காட்டு ஏற்றம். மாப்பிள்ளை நடைதான் என்று சொல்லிவிட்டார். அடிவாரத்தில் வழக்கம்போல இழுப்பு. பின்னால் கூட்டம் நிற்க, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரரே ஒரு பக்கம் வாரைப் பிடித்து இழுத்துவிட்டு, “போதுமா சார், கெளம்புங்க” என்றார். அப்புறம் ஏறினார் பாருங்கள், ஒரு இடத்திலும் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை. சட்டை பிழிந்தால் தண்ணீர் ஒழுகும். கண்ணாடி மங்கிப்போய்த் தடம் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிள்ளை விழிக்கும் என்று பயந்து பேச்சையும் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது நிஜம்.

வழியெல்லாம் பாராட்டு. “பாருய்யா, அப்பன் சுமந்துட்டு வாராரு!” ஒரு கிழவி நின்று நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். அதே ஏற்றத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. இறங்கும்போது மாப்பிள்ளைக்கு முட்டியில் வலி வந்துவிட்டது. கேரியர் தங்கச்சியிடம் போனது. திருஷ்டி கழித்த கிழவி அப்போது அங்கே இல்லை.

சிரிப்பு இத்தோடு போதும். அவர் மாட்டுவது நாலு பேர் பார்க்கிற இடத்தில். ரேஷன் கடைக்கும், தடுப்பூசிக்கும், லிஃப்ட் ரிப்பேரான அன்றைக்கு மூன்று மாடி ஏறுவதற்கும் மாட்டுவது என் தங்கச்சி. பிள்ளை 11 கிலோ. அவர் ஆறடி, அவள் ஐந்தடி. அளவு அமைந்துவிட்டது என்று அவர் என்றைக்கோ கறுப்பு மார்க்கரால் வாரில் கோடு போட்டுவைத்திருக்கிறார். அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. அவள் மாட்டினால் பட்டை இடுப்பில் நிற்காமல் வழுக்குகிறது, முத்தச் சோதனைக்கு உதடு எங்கேயோ உச்சந்தலை எங்கேயோ, எடை முழுக்கத் தோளில் தொங்குகிறது. ராத்திரி தைலம் தேய்க்கிறாள்.

“ஏம்மா, உன் அளவுக்கு இழுத்துக்கிட வேண்டியதுதானே?”

“செட்டிங் கலைஞ்சிரும்ணே. அப்புறம் அவுகளுக்குத் திரும்ப வைக்க ஒரு மணி நேரம் ஆகும்.”

அத்தனை மாடல் வாங்கியும் அவர் தேடுகிற வசதி ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தது, சுமக்காத உடம்பில்.

போன வாரம் அவர் குளிக்கப் போயிருந்தார். குறுக்குக் கிளிப்பை இறக்கி, தோள்வார் இரண்டையும் சுருக்கி, பட்டையைத் தங்கச்சியின் இடுப்பெலும்பில் நிறுத்தினேன். குனிந்தாள். உதடு எட்டியது. சிவப்பு மார்க்கரால் புதுக்கோடு போட்டாயிற்று. மாப்ள, சட்டம் நீங்கள் போட்டதுதான்: கோட்டை யாரும் தாண்டக் கூடாது. உங்களுக்கு வேண்டுமானால் பீரோ மேலே இன்னும் நாலு இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டுங்கள், பின்னால் கிளிப்பு மாட்ட நான் வருகிறேன்.