மாவுப்பூச்சியின் வாகனம்: ஆர்.கே.பேட்டைத் தொட்டிச் செடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெண் மாவுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆறு கால் இருந்தும், ஊசிவாயைத் தண்டில் செருகிவிட்டால் பிறகு நகர அதற்கு மனம் வராது. அப்படிப்பட்ட பிராணி திண்ணையோரக் குரோட்டன்ஸிலும் மொட்டைமாடி மணி பிளான்டிலும் ஒருங்கே காணப்படுவது எங்ஙனம்? இவ்வாய்வு தரும் விடை: அது வாகனத்தில் வருகிறது. முருகனுக்கு மயில், மாவுப்பூச்சிக்கு மனிதன். (திருத்தணி மலைமேல் சன்னிதிக்கு எதிரே நிற்பது யானை என்று உள்ளூர்க்காரர்கள் திருத்துவார்கள். திருத்தம் ஏற்கப்படுகிறது, முடிபில் மாற்றமில்லை.)

1. ஆய்வுக் களம்

ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக்கொண்ட ஆர்.கே.பேட்டை, களமாகக் கொள்ளப்பட்டதற்குக் காரணம் மூன்று.

முதலாவது வெயில். கோடையில் சதமடித்த ஊர்களின் பட்டியல் செய்தித்தாளில் வரும்போது பக்கத்துத் திருத்தணி அதில் இல்லாமற்போவது அரிது. மனிதர் நிழல் தேடும் அந்த வறண்ட வெப்பத்தில்தான் மாவுப்பூச்சி வம்சம் பெருக்குகிறது.

இரண்டாவது எல்லை. மாநில எல்லை குறித்த படாஸ்கர் பரிந்துரையின் வழியே திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர்களைப் பேச்சுமொழி பார்த்துப் பிரித்தவர்கள் செம்பருத்திகளைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்றும் இங்கே செடிக்கு வைத்தியம் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லப்படுகிறது. பூச்சி இரண்டுக்கும் செவிசாய்ப்பதில்லை.

மூன்றாவது தறி. விசைத்தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி படியாத இடமில்லை. இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பஞ்சா, பூச்சியா என்பது நெசவூர்களுக்கே உரிய அளவையியல் சிக்கல். இதனைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளாலும் தீர்க்கலாம். ஊதினால் பறப்பது பஞ்சு, பறக்காதது பூச்சி, இது காண்டல். தொட்டால் பிசுபிசுத்து, கீழிலை கறுத்திருந்தால் பூச்சி, இது கருதல். எதிர்வீட்டு அத்தை வாசலிலிருந்தே, “அது பூச்சிதான்டி, அன்னைக்கே சொன்னேன்ல?” என்பது உரை. மூன்றிலும் மறுக்க முடியாதது மூன்றாவதே.

2. வரையறை

செம்பருத்தித் தளிரின் அசுவினி, தண்டில் பொட்டுப் பொட்டாக அப்பியிருக்கும் செதில்பூச்சி, இலையடி வெள்ளை ஈ ஆகியவை இந்த ஏட்டின் ஓரத்தில் நிற்கும். சிவப்புச் சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சியினத்தில் சேராது. ஆகவே ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. இலையிலிருந்து நீங்குவதாக அது இன்னும் தெரிவிக்கவில்லை.

மாவுப்பூச்சியில் ஆணுக்கு மட்டும் இறக்கை உண்டு; ஆனால் வளர்ந்தபின் உண்ண வாய் இல்லை. சில நாளே வாழ்ந்து மறைகிறது. இதிலிருந்து குடும்ப அமைப்பைப் பற்றி எம்முடிவுக்கும் வர இவ்வாய்வாளர் மறுக்கிறார்.

3. பரபக்கம்

வீட்டுச் செடி வைத்தியத்தில் நிலவும் பிறர் மதங்கள் ஐந்து.

சாம்பல் மதத்தார் அடுப்புச் சாம்பலைத் தூவுவர். கேஸ் அடுப்பு வந்தபின் ஊதுபத்திச் சாம்பலுக்கு இறங்கிவிட்டனர். மெழுகு மாவால் உடல் மூடிய பூச்சியின்மேல் இன்னொரு மாவைத் தூவுவதால் அது அடையும் இழப்பு யாதென இம்மதத்தார் விளக்கியதில்லை.

மோர் மதத்தார் புளித்த மோரை ஊற்றுவர். வீணாகாமற்போன மோர் என்ற அளவில் இது சிக்கனத்தின்பாற்படும்.

ஷாம்பு மதத்தார் ஒற்றைப் பாக்கெட்டைக் கிழித்து வேப்பெண்ணெயோடு கலக்குவர். ஐவரில் உண்மைக்கு மிக அருகில் இருப்பவர் இவரே. எண்ணெய் தண்ணீரில் கலக்க நுரை வேண்டும். நுரை பூச்சியின் மெழுகையும் இளக்கும். ஆயினும் நண்பகல் வெயிலில் தெளித்து, பூச்சிக்கு முன்னே இலையைக் கருக்கிவிடுவது இம்மதத்தின் வழுவாகும். பொழுது சாய்ந்தபின், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும்.

மருந்துக்கடை மதத்தார் நெல்லுக்கு வாங்கியதில் மிச்சத்தைச் சமையலறை ஜன்னல் தொட்டிக்கு அடிப்பர். மெழுகுக்குள் இருக்கும் பூச்சி பெரும்பாலும் பிழைக்கும். அதைத் தின்ன வந்த பொறிவண்டு சாகும்.

திருஷ்டி மதத்தார் ரோஜாக் குச்சியில் முட்டை ஓட்டைக் கவிழ்ப்பர். பக்கவிளைவே இல்லாத ஒரே மருத்துவம் என்பதால் இம்மதம் கண்டிக்கப்படாமல் விடப்படுகிறது.

4. சுபக்கம்

இனி எம் கோட்பாடு. வாகனம் இன்றி மாவுப்பூச்சி இல்லை.

வரலாற்றுச் சான்று: மாவுப்பூச்சியின் ஒன்றுவிட்ட உறவான கொச்சினீல் பூச்சியைக் காய்ச்சினால் செஞ்சாயம் கிடைக்கும். 1786இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைப் போன்றதொரு பூச்சியைக் கண்டு, லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். பூச்சிக்கு விருந்து வைக்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு வகை கப்பலேறி வந்தது. சாயத்துக்கு அது உதவவில்லை. மாறாக, கள்ளியைத் தின்று தீர்த்தது. பிற்பாடு கணக்கை மாற்றி எழுதி, 1830களில் கள்ளியை ஒழிக்கவென்றே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் கேட்டால் களையெடுத்துக் கொடுப்பது இக்குலத்தின் இயல்பு. வாகனம் மட்டும் இரு முறையும் மனிதனே.

அண்மைச் சான்று: மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எதையும் அது விடவில்லை. கடல் கடந்து அது பறந்து வந்திராது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டபின்தான் அடங்கியது. குளவியும் நம் செலவிலேயே பயணம் செய்தது.

துணை வாகனம் எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக அது காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும், குஞ்சுகளைப் பக்கத்துக் கிளைக்குத் தூக்கிச் செல்லும். சிந்திய இனிப்பில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும். ஆகவே எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் தெளிக்கும் மருந்து, காவலாளியை விட்டுவிட்டுக் கதவை அடிப்பதாகும்.

மேலும் ஓர் அவலம். மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே பேர்பெற்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898இல் காப்பித் தோட்டச் செதில்பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. அதன் புழு வெள்ளை மெழுகு போர்த்தி, அச்சு அசலாக மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும், அளவில்தான் பெரியது. “அய்யோ, எவ்ளோ பெருசு!” என்று வீட்டார் முதலில் நசுக்குவது அதைத்தான்.

5. எதிர்வாதம்

பொரித்த குஞ்சுகளைக் காற்றும் கொண்டுசெல்லுமே என்பர். உண்மை. ஆனால் காற்று தொட்டி வாங்குவதில்லை, யூரியாவைக் கைநிறைய அள்ளிப் போட்டுத் தளிரைக் கொழுக்க வைப்பதுமில்லை.

6. பரிந்துரைகள்

ஒன்று: புதுச் செடியை இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் வைக்கவும். இரண்டு: பத்துப் பூச்சிக்குக் குறைவெனில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கவும், இவ்வூரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. மூன்று: பீய்ச்சியடிக்கும் தண்ணீரே பாதி மருந்து. நான்கு: எறும்பின் வழியை முதலில் அடைக்கவும். ஐந்து: பெரிய மாவுப்பூச்சி விரைந்து நடந்தால், அதை வாழ விடவும்.

ஆறு: “அக்கா, ஒரு குச்சி ஒடச்சிக்கவா?” என்று கேட்டு வாங்கும் செடியில் பூச்சி இருந்தால், மறுநாள் அக்காவிடமே போய்ச் சொல்லலாம். ஆனால் மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் செல்வம் தங்கும் என்ற நம்பிக்கை நாட்டில் வலுவாக உள்ளது. இருட்டில் ஒடித்த குச்சியை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மறுநாள் பூச்சி தெரிந்தாலும் யாரிடமும் முறையிட வழியில்லை. மேலும், அந்த வீட்டார் அக்குச்சியைப் போன மாதம் உங்கள் வீட்டிலிருந்தே எடுத்திருக்கக்கூடும்.