அரளிக்குக் காவல்

வாங்க மாப்ளே! புது கார் ஜோராத்தான் இருக்கு. தாம்பரத்துல ஏறின ஆளு உளுந்தூர்பேட்டை வரைக்கும் சென்டர் மீடியனை விட்டு ஒரு முழம்கூட விலகலையாமே? உங்க அக்கா சொல்லிச்சு. மீடியன்ல நிக்கிற, ஆடுகூட வாய் வைக்காத அரளிச் செடிக்கு இத்தனை காவலா!

"60-லதான் வந்தேன் மாமா, நிதானமா"ங்கிற. நிதானத்துல குத்தமில்ல, எடத்துலதான் குத்தம். நாலு வழிச்சாலையில காருக்கு 100 வரைக்கும் போலாம்னு 2018-லயே மத்திய அரசு சொல்லிடுச்சு. பின்னால வர்றவன் லைட்டை அடிச்சுப் பாக்கறான், ஹாரனை அடிச்சுப் பாக்கறான். நீயோ கண்ணாடியில மீசைய மட்டும்தான் பாக்கற. கடைசியில அவன் பொறுமை போயி, கரும்பு டிராக்டருக்கும் உனக்கும் நடுவுல இடப்பக்கமாப் புகுந்து பறக்கறான். அவனைத் திட்டறதுக்கு மட்டும் உனக்கு ஜன்னல் கண்ணாடி சட்டுனு எறங்குது.

பேரன் போன்ல ஒண்ணு காட்டினான். ஜப்பான்காரங்க 230 மீட்டர் வட்டத்துல 22 காரை விட்டு, எல்லாரும் 30-ல சீராப் போங்கன்னாங்களாம். சிக்னல் இல்ல, குறுக்க மாடு இல்ல, கட்சி ஊர்வலமும் இல்ல. ஒருத்தன் லேசா வேகத்தைக் குறைக்க, பின்னாலிருக்கிறவன் கூடக் கொஞ்சம் குறைக்க, கொஞ்ச நேரத்துல சில வண்டி நின்னே போச்சு. அந்த நெரிசல் அப்படியே பின்பக்கமா நகருது! வெறும் வட்டத்துலயே இந்தக் கதி. பொங்கல் கூட்டத்துல நீ மதுராந்தகத்துல பிரேக்கை மிதிச்சா, செங்கல்பட்டுல இருக்கிறவன் பிள்ளையாருக்குத் தேங்காய் நேந்துக்கணும்.

"இடப்பக்கம் போக விடறாங்களா"ன்னு கேப்ப. அதுவும் நெசம்தான். டிரைவர் லாரிய ஓரங்கட்டி டீ குடிக்கப் போயிடறான். டிவிஎஸ் எக்ஸெல்ல புல்லுக்கட்டோட எதிர்த்தாப்புல ஒருத்தன் வர்றான். யாருன்னு கேக்காத, நம்ம பங்காளிதான். அவனுக்குப் பயந்துதான் பாதி லாரி வலப்பக்கம் ஏறுது. அவனுக்கு நான் தனியா வச்சிருக்கேன்.

உனக்கு இவ்வளவுதான் மாப்ளே. 2017-ல வந்த ஓட்டுநர் விதியில இடப்பக்கம் ஒட்டிப் போகச் சொல்லியிருக்கு. மீறினா 500-லேருந்து 1,000 ரூபா வரைக்கும் அபராதம். மாமனுக்கு வெத்தல வாங்க நீ இதுவரைக்கும் குடுத்ததைவிட அது ஜாஸ்தி. முந்தினியா, கண்ணாடியப் பாத்து, இன்டிகேட்டரைப் போட்டு இடப்பக்கம் ஏறிக்க. பின்னால லைட்டடிக்கிறது 108 ஆம்புலன்ஸாவும் இருக்கும்.