சுத்தியல் விழுந்த காலம்

விற்றேன், வாங்கினேன் என்று இரண்டு பேர் ஒப்புக்கொள்வதற்கு ஒரு காலத்தில் எத்தனை ஆரவாரம் வேண்டியிருந்தது என்று நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பாக வருகிறது. குன்னூரில் வியாழனும் வெள்ளியும் தேயிலை ஏல நாள். மேடைமேல் ஏலம் விடுபவர், கையில் குட்டிச் சுத்தியல், எதிரே வரிசையாக வியாபாரிகள், ஒவ்வொருவர் மடியிலும் தடித்த கேட்டலாக், அதன் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். நிமிஷத்துக்கு இரண்டு மூன்று லாட் பறக்கும். ஒருவர் புருவத்தை உயர்த்துவார், இன்னொருவர் பென்சிலைத் தூக்குவார், மூன்றாமவர் இருமுவார். அந்த இருமல் கேள்வியா வெறும் சளியா என்று கண்டுபிடிப்பதுதான் மேடையில் நிற்பவரின் தொழில் திறமை. டக்! சுத்தியல் விழும். நூறு பெட்டித் தேயிலை கைமாறியிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் எஸ்டேட் ஊரான கிளென்மார்கனிலிருந்து இறங்கி வந்து ஒரு புரோக்கர் ஆபீசில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த எனக்கு அந்த மண்டபம் தேவசபை மாதிரி இருந்தது. அப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கருக்குக் கீழே வேலை பார்த்தவர். வாடின இலை உருண்டு, புளித்து, காய்ந்து, சலித்துப் பெட்டிக்குள் போவதுவரைதான் அவருடைய உலகம். பெட்டி லாரியில் ஏறிவிட்டால் அது எங்கே போகிறது, யார் விலை வைக்கிறார்கள் என்பதெல்லாம் மேகத்துக்கு அப்பால் நடக்கும் காரியம். அந்த மேகத்துக்கு அப்பால் நான் போய்விட்டேன் என்ற கர்வம் எனக்கு. லீவுக்குக் கிளென்மார்கன் போனால், பெரிய வியாபாரிகள் மோவாயை அரை அங்குலம் அசைத்து விலை கேட்பதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்ப்பேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று அம்மா யூகலிப்டஸ் தைலம் தேய்த்துவிட்டாள். மோவாய் அசைவில் லட்ச ரூபாய் சரக்கு வாங்கப் போகிற பிள்ளைக்கு நடந்த மரியாதை அது.

கிளென்மார்கனை அறிந்தவர்களுக்கு அந்த நாளைய தனிமை தெரிந்திருக்கும். ஊட்டியிலிருந்து வரும் சேரன் பஸ் பனியில் தடவித் தடவி வந்து சேர்ந்தால்தான் கடிதம், பேப்பர், மளிகை, கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி எல்லாம். அணைக்கட்டு விளிம்பில் நின்றால் கீழே சிங்காரா, அதற்கும் அப்பால் மாயாறு, முதுமலைக் காடு. 1932-லேயே பைக்காரா தண்ணீரைக் குழாயில் இறக்கி சிங்காராவில் கரண்ட் எடுத்தார்கள். அந்தச் சரிவில் மின்வாரிய ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் வண்டி ஒன்று உண்டு. அதில் ஏற யாரையாவது சிபாரிசு பிடிப்பது எங்கள் வயசுப் பிள்ளைகளின் வாழ்நாள் லட்சியம். மதராஸ் மாகாணத்துக்கு வெளிச்சம் கொடுத்த மலையில், எங்கள் லைன் வீடுகளில் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்கு.

தேயிலைப் பெட்டி என்றேனே, அதைப் பார்த்தவர்கள் இன்னும் மிச்சம் இருப்பீர்கள். பிளைவுட் பலகை, ஓரத்தில் தகரப் பட்டை, உள்ளே மினுமினுக்கும் ஈயத்தாள். பழைய பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அதுவே அலமாரி, அதுவே சாப்பாட்டு மேஜை, அதுவே நான் பரீட்சைக்குப் படித்த மேஜை. திறந்தால் துணிமணியெல்லாம் டீ வாசம் அடிக்கும். இப்போது சரக்கு காகித மூட்டையில் போகிறது. எடை குறைவு, செலவு குறைவு, மரமும் தப்பித்தது. எல்லாம் சரிதான். ஆனால் காகித மூட்டைமேல் உட்கார்ந்து யாரும் பரீட்சைக்குப் படித்துவிட முடியாது.

சுத்தியலுக்கு வருகிறேன். அதற்குச் சட்டத்திலேயே நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு வக்கீல் நண்பர் எனக்குக் காட்டினார். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு. ஒவ்வொரு லாட்டும் தனி ஒப்பந்தம். சுத்தியல் விழுந்தோ, வழக்கத்தில் உள்ள வேறு விதமாகவோ முடிவை அறிவித்தால்தான் விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். இருமினவர் 'ஐயா, அது சளி' என்று சொல்லித் தப்பிக்கவும் சட்டம் அந்த அரை நொடியைக் கொடுத்திருந்தது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் முதலில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துத் தேயிலை ஏலம் விட்டார்களாம். ஓர் அங்குலம் உருகுவதற்குள் கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. மெழுகுவத்தி போய்ச் சுத்தியல் வந்தபோதும் அங்கே எவராவது பெருமூச்சு விட்டிருப்பார். அந்த லண்டன் ஏலமே 1998 ஜூன் 29-ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று.

மண்டபத்துக்கு வெளியே நடந்த வியாபாரம் இன்னும் விசேஷம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, உங்கள் விலைக்குச் சம்மதம் என்று நான் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்த நொடியே நீங்கள் கட்டுப்பட்டுவிட்டீர்கள். கடிதம் உங்கள் கைக்கு வரவேண்டியதில்லை. அதாவது கிளென்மார்கன் தபால் பெட்டியில் நான் போட்ட கடிதம், மண்சரிவில் பஸ் நின்று, பையோடு நனைந்து கூழானாலும் ராஜ்கோட்டில் உட்கார்ந்திருக்கும் சேட் மாட்டிக்கொண்டார். டிரங்க் கால் என்றால் கதை வேறு. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு பேரம் ஒன்று காம்கானுக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே போனில் முடிந்து, தகராறாகி, ஒப்பந்தம் எந்த ஊரில் பிறந்தது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்மதம் எங்கே காதில் விழுந்ததோ அங்கே என்று 1965-ல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. எங்கள் ஆபீஸ் டிரங்க் காலைக் கேட்டிருந்தால் நீதிபதிகள் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். முதலாளி குன்னூரிலிருந்து கத்துவது போன் இல்லாமலே வெலிங்டன் வரை கேட்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு மட்டும் கேட்காது.

விலையும் வாங்குபவர் பெயரும் கேட்டலாக்கில் பென்சிலால் குறிக்கப்படும். அவ்வளவுதான் பத்திரம். இரண்டு வாரக் கணக்கில் ஒரு பிராம்ட் தேதி. அதற்குள் பணம் கட்டி டெலிவரி எடுக்க வேண்டும். கட்டாதவர் அடுத்த வாரம் மண்டபத்தில் நுழைந்தால் முதல் வரிசை தலையைத் திருப்பிக்கொள்ளும். ஏலத்தை நடத்திய சங்கத்துக்கு விதிமுறைகள் இருந்தன, தேயிலை வாரியம் இருந்தது, கோர்ட்டும் இருந்தது. ஆனாலும் அந்தத் தலை திருப்பலுக்குப் பயந்து பணம் கட்டியவர்களே அதிகம் என்பது என் எண்ணம். இதை ரொம்பவும் புனிதப்படுத்தவும் கூடாது. அதே முதல் வரிசையில், 'இந்த லாட் உனக்கு, அடுத்தது எனக்கு' என்று கண்ணாலேயே பங்கு பிரித்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் கண் ஜாடைக்கு விலை கொடுத்தது சோலூர் பக்கம் அரை ஏக்கரில் பச்சைத் தேயிலை பறித்துக்கொண்டிருந்த குடும்பம். எனக்கோ அப்போது அந்த ஜாடை சினிமா ஸ்டைலாகத் தெரிந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல். குன்னூரில் கூட்டுறவு ஃபாக்டரிகளுக்காக டீசர்வ் என்ற மின்னணு ஏல மையம் 2003-ல். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பழைய மண்டபமும் திரைக்கு மாறியது. கம்ப்யூட்டர் வழியாக ஆனது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லக்கூடாது என்று அந்தத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். 2009-ல் அமலுக்கு வந்தது. முதல் நாள்களில் பெரிய வியாபாரிகள் மௌஸைப் பிடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோவாயாலேயே ராஜ்யம் ஆண்டவர்கள், அம்புக்குறி எங்கே போயிற்று என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்து மோவாயை அசைத்தார். லாட் போய்விட்டது.

இப்போது எவர் கேட்கிறார் என்று திரையில் பெயர் தெரியாது. கண் ஜாடைக்கு வழி அடைபட்டது, நல்லதுதான். பணம் வங்கி வழியாகத் தீர்கிறது, இன்னும் நல்லது. ஜப்பான் பாணியில் 'பாரத் ஏலம்' என்று 2022-ல் மறுபடி முறையை மாற்றினார்கள். பச்சைத் தேயிலைக்கு மாதாந்திரச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. வாட்ஸாப்பில் அது சோலூருக்கு வரும் வேகம் பிரமாதம். விலை போதவில்லை என்று டீக்கடையில் புலம்புகிற வாக்கியங்கள் மட்டும் என் சின்ன வயசில் கேட்டவையேதான், ஒரு சொல் மாறவில்லை.

மாறாதது இன்னொன்றும் உண்டு. வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, சாற்றைக் கரண்டியில் எடுத்துச் 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பித் தள்ளிக்கொண்டே நடக்கும் டேஸ்டரின் வேலையைத் திரைக்குள் கொண்டுபோக இதுவரை எவராலும் முடியவில்லை. அந்த உறிஞ்சலின் சத்தம் எத்தனைக்கு எத்தனை அநாகரிகமோ அத்தனைக்கு அத்தனை நல்ல டேஸ்டர் என்று எங்கள் ஆபீசில் ஒரு நம்பிக்கை.

தம்பி மகன் ஒரு குன்னூர் வியாபாரிக்காக ஏலம் கேட்கிறான். போன வருஷம் கோயில் திருவிழாவுக்குக் கிளென்மார்கன் வந்த இடத்தில் வெள்ளிக்கிழமை குறுக்கிட்டுவிட்டது. போன் இன்டர்நெட்டில் லேப்டாப்பை மாட்டி, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

"பெரியப்பா, ஒரு கோடுதான் இருக்கு. குறுக்கே நடக்காதீங்க."

"எத்தனை மூட்டைடா வாங்கினே?"

"முடிஞ்சிருச்சு பெரியப்பா. நீங்க கேக்கிறதுக்குள்ள ஆறு லாட்."

கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டப்படி இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மின்னணுச் செய்தி எங்கிருந்து தட்டப்பட்டாலும், தட்டியவரின் தொழில் இடத்திலிருந்து கிளம்பியதாகவே கொள்ளவேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ஆகவே அந்தக் காலை அவன் கோழிக்கூண்டுப் பக்கத்தில் இல்லை, குன்னூரில் இருந்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஊருக்கு, அவனைச் சட்டமே கொண்டுபோய் விட்டுவிட்டது.

அவனிடம் ஒரு காரியம் கேட்டிருக்கிறேன். எனக்கு இருக்கும் கொஞ்சம் தேயிலைச் செடிக்கு உயில் எழுத வேண்டும். "அதையும் ஆன்லைன்லேயே முடிச்சிரலாம் பெரியப்பா" என்றான். முடியாது. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆயிரம் மூட்டையை ஒரு தட்டில் விற்கலாம். ஒரு செடியைத் தம்பி மகனுக்கு விட்டுப்போக வேண்டுமானால் காகிதம் வேண்டும், பேனா வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். பழைய ஏல மண்டபத்து ஆட்கள் இரண்டு பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் கோத்தகிரி, இன்னொருவர் அரவங்காடு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தச் செடிகளுக்கு என்ன விலை போகும் என்று இருவரும் மோவாயை அசைத்து ஒரு சண்டை போடாமல் இருக்க மாட்டார்கள். அதனால் காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.