சாப்பாட்டு மாமா

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஆண்டகலூர் கேட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கும் புதுச்சத்திரத்தில், கோழிப்பண்ணைக்காரர், லாரிக்காரர், குச்சிக்கிழங்கு விவசாயி, பள்ளிக்கூட வாத்தியார் முதலிய சகல வர்க்கத்தாரும் வசிக்கிறார்கள் என்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் இவற்றுள் எதிலும் முழுக்க அடங்காமலும் எல்லாவற்றிலும் கொஞ்சங்கொஞ்சம் கலந்தும் விளங்குகிற ஒரு தனி வர்க்கத்தார் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. கோடை விடுமுறை பிறந்து, தெருவிலுள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பேசி, தீம் பார்க் என்று இக்காலத்தில் சொல்லப்படுகிற கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போவது என்று தீர்மானம் நிறைவேற்றும் சமயத்தில்தான் அவர்கள் பிரசன்னமாவார்கள். குழந்தைகள் ராட்டினத்தைப் பற்றியும், இளைஞர்கள் அலைக்குளத்தைப் பற்றியும், பெண்கள் மாற்றுத்துணியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கையில், திண்ணைக் கோடியிலிருந்து ஒரு குரல், “அதெல்லாஞ் செரி, சாப்பாடு எங்கே?” என்று கேட்குமானால், அதுவே அவ்வர்க்கத்தின் குரல் என்று அறியலாம். அப்படிக் கேட்பவர் எல்லோருக்கும் மாமா முறையாகவே இருப்பது வழக்கமாதலால், நாமும் அவரை மாமா என்றே வைத்துக்கொள்வோம்.

தோற்றத்தில் மாமா சாதாரண மனிதரே. வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, அந்தச் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம், தோளில் ஒரு துண்டு. யௌவனத்தில் சில வருஷம் லாரியில் வடதேசமெல்லாம் போய் வந்தவர். பிறகு முட்டை வியாபாரத்தில் இறங்கியவர். அதையும் பிள்ளையிடம் ஒப்புவித்துவிட்டு, ஊராருக்கு யோசனை சொல்லும் கைங்கரியத்தைச் சம்பளமில்லாமலே மேற்கொண்டிருப்பவர். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அந்த ஊரின் ஸ்தல மகாத்மியத்தை அவர் கோயிலில் தொடங்கமாட்டார், மெஸ்ஸில்தான் தொடங்குவார். மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்கிற நீர்ப் பூங்கா நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது என்று நாம் சொன்னால், அதே மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகள் இருக்கின்றன என்றும், மூட்டை தூக்குகிறவர்கள் விடியற்காலையில் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்களோ அந்தச் சந்தில்தான் சோறு இருக்கிறது என்றும் அவர் பதில் சொல்வார்.

இது வெறும் கருமித்தனம் என்று நினைப்பவர்கள் மாமாவை அறியாதவர்கள். அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. அதைப் பலமுறை பலரிடம் உபதேசித்திருக்கிறார். “இங்க பாரு மாப்ளே, நாளைக்கும் வரப்போறவனுக்குச் சமைக்கறவன் பயந்து சமைப்பான். இனி இந்தப் பக்கமே வரமாட்டான்னு தெரிஞ்சவனுக்குச் சமைக்கறவனுக்கு என்ன பயம்?” என்பதே அதன் மூல சூத்திரம். நெடுஞ்சாலை ஓரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த உண்மை தானாகவே சித்தித்திருக்கவேண்டும். ஏனெனில், இன்று சாம்பாரில் உப்புக் குறைந்ததென்று முகம் சுளித்துக்கொண்டு போகிற லாரி டிரைவர், அடுத்த வாரம் அதே வழியாகத் திரும்பும்போது எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிடுவான் என்பதும், அவனைக் கண்டு அவன் பின்னால் வருகிற பத்து லாரிகளும் அங்கேயே நிற்கும் என்பதும் அந்தச் சாலையில் கடை வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். கேளிக்கைப் பூங்காவுக்குள் இருக்கும் போஜனசாலைக்கோ இந்தப் பயம் கிடையாது. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவன் மாலை வரையில் வேறெங்கும் போகமாட்டான், போனவன் அடுத்த விடுமுறை வரையில் திரும்பமாட்டான்.

மாமாவை அறியாமலே மாமாவுக்கு அஞ்சியவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். வால்ட் டிஸ்னி 1955-இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். திறந்த சில ஆண்டுகளுக்குள் அதன் மதிலை ஒட்டினாற்போல் பிறருடைய தங்கும் விடுதிகளும் சிற்றுண்டிச்சாலைகளும் நெருக்கமாக முளைத்து, அவருடைய பூங்காவைப் பார்க்க வந்த ஜனங்களின் பணத்தில் பெரும்பகுதியை வாயிலுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டன. இந்த அனுபவம் அவர் மனத்தை உறுத்தியதாலேயே, அடுத்த பூங்காவுக்காக ஃபுளோரிடாவில் பல கம்பெனிப் பெயர்களில் ஓசைப்படாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கப்பட்டது. அவர் 1966-இல் காலமாகி, 1971-இல்தான் அந்தப் பூங்கா திறக்கப்பட்டது. புதுச்சத்திரத்து மாமாவைப் போன்றவர்கள் நடந்து போய் எட்ட முடியாத தூரத்தில் வெளிக்கடையை நிறுத்துவதற்கே அத்தனை ஏக்கரும் வாங்கப்பட்டன என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நல்லவேளையாக நம் பக்கத்துப் பூங்காக்கள் அவ்வளவு விஸ்தீரணமானவை அல்ல. கேரளத்தில் வி-கார்டு ஸ்டெபிலைசர் செய்து பேர்பெற்ற கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சிக்கருகே வீகாலாண்டையும், 2005-இல் பெங்களூருக்கு வெளியே மைசூர் சாலையில் வொண்டர்லாவையும் தொடங்கினார். இந்தப் பெங்களூர்ப் பூங்கா 82 ஏக்கர். ஆகவே மாமாவின் கைக்கு அடக்கமானது. அதைக் கடந்து இன்னும் சிறிது தூரம் போனால் பிடதி. அவ்வூரை உலகம் டொயோட்டா கார்த் தொழிற்சாலைக்காக அறியும். கன்னட நாட்டார் தட்டே இட்லிக்காக அறிவார்கள். மாமாவோ இரண்டையும் சேர்த்து அறிந்திருந்தார். எப்படியென்றால், ஒரு விடுமுறையில் அந்தப் பூங்காவுக்குப் பயணம் நிச்சயமான அன்றைக்கே, அந்தப் பக்கம் சரக்கு இறக்கப் போய்வரும் நம்மூர் டிரைவர்களைப் போனில் கூப்பிட்டு, “எறக்கிப்போட்டு எங்கப்பா சாப்புடுவே?” என்று விசாரித்து, விடைகளை நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து, மூன்று பேர் ஒருமுகமாகச் சொன்ன கடையை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை புதுச்சத்திரத்தின் வழியாகவே போவதால், பெங்களூருக்கு வழி கேட்கவேண்டிய அவசியமில்லை. நடுநிசி கழிந்து புறப்பட்ட வேன், சேலத்தையும் தொப்பூர் கணவாயையும் தர்மபுரியையும் இருட்டிலேயே கடந்து, ஓசூரை அடையும்போது பொழுது புலர்ந்தது. சாலையின் இருமருங்கிலும் காப்பி மணத்தது. ஆனால் மாமா, “இட்லிக்கு வயிறு காலியா இருக்கோணும்” என்று ஒரே வாக்கியத்தில் அந்த மணத்தை நிராகரித்துவிட்டார். பின்ஸீட்டில் அத்தை மட்டும் சத்தமில்லாமல் ஒரு தகரடப்பாவைத் திறந்து குழந்தைகளின் கையில் முறுக்கைத் திணித்தாள். மாமாவின் யாத்திரைகளில் உயிர்ச்சேதம் நேராமல் இருப்பதற்கு அந்த டப்பாவே காரணம் என்பது ஊரறிந்த ரகசியம்; மாமா அறியாத ரகசியமும் அது ஒன்றுதான்.

மைசூர் சாலையில் ஒரு தர்ம சங்கடம் காத்திருந்தது. 2023-இல் திறக்கப்பட்ட பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை, பிடதி, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர் என்று, இட்லிக்கும் வடைக்கும் பேர்போனவை உட்பட, வழியிலுள்ள ஊர்களையெல்லாம் தொடாமல் ஒதுங்கிப் போய்விடுகிறது; பழைய சாலையின் கடைக்காரர்கள், வண்டிகளெல்லாம் தலைக்குமேல் பறந்துபோய்விடுகின்றன என்று அங்கலாய்த்தது அப்போதே செய்தியாயிற்று. டிரைவரின் போனிலிருந்து ஒரு பெண்குரல் மேலே போகச் சொல்லிற்று. மாமா கீழே போகச் சொன்னார். “போனு சொல்றத நம்பாதே கண்ணு. அதுக்கென்ன, பசியா எடுக்குது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்குரலிடம் பதில் இல்லை. பூங்காவுக்குத் திரும்பும் சாலையின் பலகையைக் கண்டு குழந்தைகள் கூக்குரலிட்டதையும் பொருட்படுத்தாமல், வேன் பூங்காவைத் தாண்டிப் பழைய சாலையில் பிடதிக்குள் நுழைந்தது.

கடையைக் கண்டவுடன் உள்ளே போய்விடுவது பாமரர் வழக்கம். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முதலில், நிற்கிற வண்டிகளை எண்ணினார். சுற்றுலா வண்டிகளைக் கழித்துவிட்டு, ஆட்டோக்களையும் சரக்கு வண்டிகளையும் மட்டும் கணக்கில் எடுத்தார். பிறகு, சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். தொழிற்சாலை உடுப்போடு நின்றுகொண்டே தின்றபடி கடிகாரத்தைப் பார்க்கிறவன் இருந்தால் கடைக்கு முழு மதிப்பெண். படம் எடுத்துக்கொண்டிருக்கிறவன் இருந்தால் பாதி குறையும். கடைசியில் சட்னி வாளியை எட்டிப் பார்த்தார்: அது பாதிக்குக் கீழே இருந்து, அடுப்படியில் அடுத்த வாளி தயாராக இருக்கவேண்டும் என்பது சாஸ்திரம். எல்லாம் சரியென்று கண்டபின் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லாரிக் காலத்துக் கன்னடத்தில் “ஹன்னெரடு” என்று பன்னிரண்டு இட்லிக்கு உத்தரவு கொடுத்தார். தட்டை நிறைத்து, இரண்டு விரல் கனத்தில், ஆவி பறக்க வந்த இட்லியின் நடுவில் வெண்ணெய் உருகி ஓரத்துக்கு ஓடியது. பக்கத்தில் கெட்டிச் சட்னி. ஒன்று தின்றவர்கள் இரண்டாவது கேட்கத் துணியவில்லை. ஓசூரிலிருந்து மாமாவை மனத்துக்குள் வைதுகொண்டு வந்தவர்கள்கூட அந்த ஒரு கால்மணி நேரம் வாய்திறக்கவில்லை. நியாயத்தைச் சொல்லவேண்டும்: அந்த இட்லி விஷயத்தில் மாமாவின் வாக்கு அட்சர சுத்தமாகப் பலித்தது.

பூங்காவுக்குள் மாமா எந்த ராட்டினத்திலும் ஏறுவதில்லை. ஜனங்கள் தலைகீழாகச் சுழன்று அலறிக்கொண்டிருக்கும்போது அவர் ஒவ்வொரு தின்பண்டக் கடையின் முன்னும் நின்று விலைப்பலகையை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். அவருடைய இருதயம் படபடப்பதற்கு அதுவே போதும். வேறொரு விடுமுறையில், பெயர் சொல்ல அவசியமில்லாத வேறொரு பூங்காவில், ஆம்லெட்டின் விலையைக் கண்டு அவர் நிகழ்த்திய பிரசங்கம் எங்கள் பக்கத்தில் இன்றும் பேசப்படுகிறது. நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலை நிர்ணயிக்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் ஏற்பட்ட நாளாக, காலையில் எழுந்ததும் விலை என்ன, வியாபாரிகள் அதில் மைனஸ் எத்தனை காசு கேட்கிறார்கள் என்று பார்த்தே பல் துலக்குகிற வட்டாரத்தைச் சேர்ந்தவர் அவர். ஆகையால் கல்லாவில் இருந்த பையனை அழைத்து, மிகுந்த பரிவோடு, “தம்பி, இன்னைக்குப் பண்ணையில முட்டை என்ன வெலைன்னு தெரியுங்களா?” என்று ஆரம்பித்தார். பையனுக்குத் தெரியவில்லை. “நீங்க ரெண்டு ஆம்லெட்டுக்கு வாங்கற காசுல நான் ஒரு அட்டை முட்டை தருவனுங்க, முப்பது முட்டை!” என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஜனங்கள் முதலில் முணுமுணுத்து, பிறகு கவனித்து, முடிவில் மாமாவிடமே முட்டையின் மொத்த விலையை விசாரிக்கத் தொடங்கினார்கள். பூங்காவில் ஆம்லெட் விற்றதோ இல்லையோ, மாமா இரண்டு பெட்டி முட்டைக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மாமாவின் மகிமை உச்சத்தை அடைவதும் சரிவதும் மாலையில்தான். காலை இட்லிக்கு முன்கூட்டியே ஆராய்ச்சி உண்டு. இரவுச் சாப்பாட்டை அவர் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுவார். ஈரத் தலையும் ஒட்டிய வயிறுமாக எல்லோரும் வேனில் ஏறியபின், எதிர்ப்பட்ட முதல் ஹோட்டலில் விளக்கு அதிகம், “வெளக்குக் காசையும் நம்ம தோசையிலதான் போடுவான்.” இரண்டாவதில் வாசலில் தலைப்பாகைக் காவலாளி, அவனுக்குச் சம்பளம் யார் தருவது? மூன்றாவதில் கூட்டமே இல்லை. நான்காவதில் கூட்டம் அதிகம், ஆனால் எல்லாம் சுற்றுலாக் கூட்டம். ஓசூர் போயிற்று, கிருஷ்ணகிரி போயிற்று, தர்மபுரியில் கடைகள் அடைத்துக்கொண்டிருந்தன. குழந்தைகள் முறுக்கு டப்பாவின் அடித்தூளைத் தட்டித் தின்றுவிட்டுத் தூங்கிப்போயின. இறுதியில், நள்ளிரவுக்கு மேல், நம்மூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பரோட்டாக் கடையில் வேன் நின்றது. பரோட்டாவும் சால்னாவும், முட்டையை அரைவேக்காட்டில் சுருட்டி எடுத்த கலக்கியும் இலையில் விழுந்தன. “நான் அப்பவே சொன்னனில்ல? இந்த ருசி எங்கயாவது உண்டா?” என்று மாமா கேட்டபோது, மறுக்கும் திராணி எவருக்கும் இல்லை.

மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து நோட்டுப் புஸ்தகத்தில் கணக்கு எழுதினார். பூங்காவுக்குள் தின்றிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு பக்கம். ஆன செலவு ஒரு பக்கம். கழித்தால் வந்த மீதி பெரிய எழுத்தில். பழைய சாலையில் போய்த் திரும்பிய டீசலும், டிரைவருக்குக் கூடுதலாகக் கொடுத்த இரவுப் படியும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. வேன் வாடகை வேறு தலைப்பு என்பதும், தலைப்புகளைக் கலப்பது கணக்கு சம்பிரதாயத்துக்கு விரோதம் என்பதும் மாமாவின் கட்சி.

இவ்வளவும் சொன்னபிறகு மாமாவை ஒரு கேலிப்பொருளாக ஒதுக்கிவிடுவது தர்மமாகாது. ஓர் ஊருக்குப் போய், அந்த ஊரான் தினமும் தின்கிற உணவை ஒரு வேளையாவது தின்னாமல் திரும்பினால், நாம் பார்த்தது மதிலே அன்றி ஊரன்று. அந்த ஒரு வேளையை நமக்கு வாங்கித் தருகிறவர் மாமாதான். விரைவுச்சாலை ஒதுக்கிவிட்ட பழைய சாலையில் அடுப்பு அணையாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்களும் ஒரு காரணம். ஆனால் அவருடைய ஞானம் கடையைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுகிறது; பசிக்கிற குழந்தைக்கு நேரம் என்று ஒன்று உண்டென்பது அதில் சேரவில்லை.

ஆகவே, கேளிக்கைப் பூங்காவுக்குப் பிரயாணம் போகிற அன்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: காலை ஆகாரத்தை மாமா காட்டுகிற கடையில் வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகலில் உள்ளே கிடைப்பதை விலைப்பலகையைப் பாராமல் சாப்பிடுங்கள், சூரியன் அஸ்தமித்தபின் எதிர்ப்படுகிற முதல் சுத்தமான ஹோட்டலில் வண்டியை நிறுத்துங்கள். மாமாவை அவசியம் அழைத்துப் போங்கள். அத்தையையும் டப்பாவையும் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.