செல்லடிக்கு நடுவே உதைபந்தாட்டம்: புதிய செயலாளருக்கு ஒரு கைநூல்

உங்கள் திறமையைப் பார்த்துச் செயலாளராகத் தெரிவு செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். போன செயலாளர் கனடாவில். அவருக்கு முந்தியவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்து ஏஜென்சிக்காரனின் பதிலுக்குக் காத்திருக்கிறார். பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்து, நாற்பதைத் தாண்டி, ஓடுகிற நிலையில் ஒரு சைக்கிளும் வைத்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான். யாழ்ப்பாணத்தில் யுத்தகாலத்தில் ஊர்க் கழகம் நடத்த இந்தத் தகைமைகள் போதும். உதைபந்தாட்டம் தெரிந்திருப்பது மேலதிகத் தகைமை. சில வேளை இடைஞ்சலும்கூட.

காலம் எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிட வேண்டும். 1990 ஜூன் 8ஆம் திகதி இத்தாலியில் உலகக்கிண்ணம் தொடங்கியது. 11ஆம் திகதி இங்கே இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. எந்த அணி கிண்ணத்தைத் தூக்கும் என்று வாசிகசாலைத் திண்ணையில் பந்தயம் கட்டியிருந்தவர்கள் பந்தயத்தை மறந்துபோனார்கள். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. வவுனியா தாண்டிக்குளத்தில் சாமான் கிளறுகிற சிப்பாயிடம் நின்று, ‘உதைபந்து உங்கள் பட்டியலில் இல்லையே’ என்று சட்டம் கதைக்கத் துணிந்தவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரைத் தலைவராக்குங்கள். இல்லையென்றால் இருக்கிற பந்தோடு வாழப் பழகுங்கள்.

பந்து

தோல் பிரிந்தால் வலை பொத்துகிற பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். கரையோர ஊர்களில் அப்படி ஒருவர் வாடியடியில் சும்மாதான் இருப்பார். கடலுக்குப் போகத்தான் தடையாயிற்றே. தங்கூசியால் அவர் போடுகிற தையல் தோலைவிட நீண்ட காலம் உழைக்கும். தலையால் இடிக்கிறவனின் நெற்றியில் கோடு விழும் என்பது மட்டும்தான் குறை. உள்ளே பிளாடர் ஓட்டையானால் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, அரத்தாளால் உரஞ்சி, சொலூசன் பூசி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். காயுமுன் ஒட்டுகிற அவசரக்காரரைக் கழகத்தில் வேறு வேலைக்குப் போடுங்கள். ஒட்டுமேல் ஒட்டு விழுந்தால் பந்து ஒரு பக்கம் பாரமாகும். நேரே உதைத்தால், ஒழுங்கை முனையில் நாயைக் கண்ட தபால்காரர் மாதிரி வளைந்து போகும். இதைக் குறையாக எண்ண வேண்டாம். எந்தப் பக்கம் வளையும் என்று உங்கள் பெடியளுக்குத் தெரியும், அயலூராருக்குத் தெரியாது. யுத்தம் கழகத்துக்குத் தந்த ஒரே அனுகூலம் இதுதான்.

பந்தைவிடப் பெறுமதியானது அதற்குக் காத்தடிக்கிற ஊசி. தொலைந்தால் இன்னொன்று வராது. பொருளாளர் அதை அந்தோனியார் பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது நல்லது. கழகத்தில் காசு கிடையாது என்பதால் அவருக்கு வேறு பொறுப்பும் இல்லை.

கோல் கம்பத்துக்குப் பனங்குற்றி நாட்டாதீர்கள். விடியுமுன் அது யாரோ வீட்டுப் பங்கருக்குக் கூரையாகிவிடும். கேட்கப் போனால், ‘கோலா பெரிசு, குழந்தை குட்டியா பெரிசு?’ என்பார்கள், அதற்கு எந்தச் செயலாளரிடமும் பதில் இராது. பூவரசந்தடி போதும். மாரியில் துளிர்விடும், இலையில் பட்ட பந்து உள்ளேயா வெளியேயா என்று தகராறு வரும், வரட்டும். வலைக்குக் கிழிந்த மீன்வலை இருக்கிறது. கோட்டுக்கு அடுப்புச் சாம்பல். சாம்பல் சேகரிக்கிற பெடியனை வீட்டுக்கு வீடு அனுப்பும்போது, எந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்தத் தகவலைக் கூட்ட அறிக்கையில் எழுத வேண்டாம். பங்குச் சுவாமியிடம் மட்டும் சொல்லுங்கள்.

மைதானமும் வானமும்

மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு, ஒரே நிறச் சட்டையில் பதினொரு இளந்தாரிகள் வரிசையாக ஓடுவது உதைபந்தாட்டமாகத் தெரியாது. ஆகவே சீருடை வேண்டாம். ஒரு அணி சட்டையோடு, மறு அணி வெறும்மேலோடு ஆடலாம். பச்சை நிறமும் வரிச் சட்டையும் எந்தக் காலத்திலும் கூடாது. விடியற்காலை அணியாக ஓடிப் பயிற்சி எடுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஓடத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொருவராக, கையில் பால் போத்தலோடு ஓடட்டும்.

சத்தங்களைப் பிரித்தறிய எல்லோருக்கும் பழக்குங்கள். ஹெலி என்றால் நேரம் இருக்கிறது. கோணர் கிக்கை அடித்துவிட்டே ஓடலாம். பொம்பர் என்றால் பந்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பலாலி ஆமி முகாமில் செல் குத்துகிற சத்தம் கேட்டால் எண்ணிக்கொண்டே விழுந்து படுக்கலாம். எண்ணுவதைச் சின்னப் பெடியளிடம் விடுங்கள், அவர்களுக்குத்தான் அது சரியாக வரும். பற்றறி மணிக்கூடுகள் நின்றுபோன காலம் என்பதால், சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடு வைத்திருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார்தான் றெபரி. விமானம் சுற்றிய நேரத்தை ஆட்ட நேரத்தில் கழிப்பதா, கூட்டுவதா என்பதை முன்கூட்டியே இரண்டு கழகமும் எழுதிக் கையொப்பம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னுக்கு நிற்கிற அணிக்கு ஒவ்வொரு இரைச்சலும் பொம்பராகக் கேட்கும்.

பங்கருக்குள் இரண்டு அணியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஓவ்சைட்டா இல்லையா என்ற வாக்குவாதம் உள்ளேயும் தொடரும். மறிக்காதீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அயலூரோடு உள்ள பகையைக் கண்போலக் காப்பதுதான் செயலாளரின் முதல் கடமை. யுத்த நேரத்தில் ஒற்றுமை வேண்டும் என்று பிரதம விருந்தினர் யாராவது மேடையில் உருகுவார்; கைதட்டிவிட்டு மறந்துவிடுங்கள். இயக்கத்தைப் பற்றி ஊரில் வாய் திறக்க முடியாது. ஆமியைப் பற்றியும் முடியாது. ஒருவன் எங்கே போனான் என்று அவன் தாயிடமே கேட்க முடியாது. வாய்விட்டுக் கத்துவதற்கு மிஞ்சியிருப்பவர் றெபரி ஒருவர்தான். அவரையும் பறித்துவிட்டால் சனம் எங்கே போகும்? சுவரில் பட்டுத் திரும்பிய பந்துக்காகத் தலைமுறையாகக் கதைபேச்சு இல்லாமலிருக்கிற இரண்டு ஊர்கள், அந்தக் கோபத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கிற வரைக்கும் தங்களை ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்கள்

பதினாறுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவர்களை நம்பி அணி அமைக்காதீர்கள். ஒருவன் ஒருநாள் காலை காணாமல் போய், பின்னேரம் ‘இயக்கத்துக்குப் போய்ட்டானாம்’ என்று செய்தி வரும். இன்னொருவன் இரவோடிரவாகக் கிளாலிக் கடல் கடந்திருப்பான். வெளிநாடு போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. அறிகுறிகளை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். இடது பக்கம் பறக்கிற பெடியனின் தாய் கழுத்தில் தாலிக்கொடியைக் காணவில்லையென்றால் ஒரு மாதம் இருக்கிறது. அவன் சைக்கிளுக்கு விலை கேட்டு ஆள் வந்தால் ஒரு கிழமை. புது நீளக் காற்சட்டை தைக்கக் கொடுத்திருந்தால் அடுத்த ஆட்டத்துக்கே மாற்று ஆளைப் போடுங்கள். அரையிறுதிவரை நிற்கச்சொல்லி மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அவன் நின்றாலும் நிற்பான். பிறகு ஏதும் நடந்தால் அந்தத் தாயின் வீட்டு ஒழுங்கையால் நீங்கள் போக முடியாது.

ஆகவே பின்வரிசைக்கு நாற்பது கடந்த மீசைக்காரர்கள், முன்வரிசைக்குப் பதின்மூன்று வயதுப் பொடியள். நடுவில் வெட்டை. பந்து தகப்பனிடமிருந்து மகனுக்கு நேரே போகும்.

1996இல் குடாநாட்டில் ஆட்சி இயக்கத்திடமிருந்து ஆமிக்குக் கைமாறிய பிறகு வேறு சில கவனங்கள் தேவை. உறுப்பினர் பட்டியல் எழுதி வைக்காதீர்கள். சுற்றிவளைப்பில் அகப்படுகிற எந்தப் பெயர்ப்பட்டியலும் உதைபந்தாட்டப் பட்டியலாக வாசிக்கப்படாது. முழங்கையிலும் முழங்காலிலும் உரஞ்சல் காயம் இருந்தால் பயிற்சி எடுத்தவன் என்று சந்தேகப்படுவார்கள். கோல் காப்பாளருக்கு உடம்பு முழுக்க அதுதான். பாய்ந்து பிடிக்கவேண்டாம் என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவன் கேட்க மாட்டான். அதனால் அடையாள அட்டையோடு, கோலுக்குள் நிற்கிற படமொன்றையும் கிராம சேவகரின் கடிதத்தையும் அவன் காற்சட்டைப் பையில் வைத்துத் தைத்துவிடுங்கள். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் பிடிபட்டுத் திரும்பாதவர்கள் நூற்றுக்கணக்கில்.

கிண்ணங்கள்

இயக்கத்தின் காலத்தில் மாவீரர் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு ஆடியிருப்பீர்கள். ஆடாமல் இருந்திருக்க முடியாது. ஆமி வந்த பிறகு முகாமிலிருந்து சிநேகபூர்வ ஆட்டத்துக்கு அழைப்பு வரும். அதற்கும் போகாமல் இருக்க முடியாது. வென்றால் ஒரு வில்லங்கம், பெரிதாகத் தோற்றால் வேறொரு வில்லங்கம்; சமநிலைதான் சுகம். ஆனால் சமநிலைக்கு ஆடுவது வெல்வதைவிடக் கடினமான கலை, அதைச் சந்தேகம் வராமல் செய்ய வேண்டும். முடிவில் பரிசாகப் புதுப் பந்து தருவார்கள். பளபளவென்று இருக்கும். அதைக் கொஞ்சம் மண்ணில் புரட்டிப் பழசாக்கிவிட்டே ஊருக்குள் கொண்டுவாருங்கள்.

பழைய கிண்ணங்களின் அடியில் எழுதியிருப்பதை ஒருமுறை வாசியுங்கள். எழுத்தை அரத்தால் உரஞ்சலாம். புதைக்க மட்டும் வேண்டாம். உலோகம் தேடுகிற கருவிக்கு வெள்ளிப் பூச்சுக் கிண்ணமும் மிதிவெடியும் ஒரே குரலில்தான் கேட்கும்.

இடம்பெயர்வு

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, கழகச் சொத்தில் எதை எடுப்பது என்று யோசிக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. நீங்கள் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பந்தின் காற்றை இறக்கி, மடித்து, அரிசிப் பானைக்குள் வையுங்கள். கூட்ட அறிக்கைக் கொப்பியை விட்டுவிடுங்கள், அதில் கழகம் தோற்ற கதைதான் கூட. தென்மராட்சியில் தஞ்சமடைகிற பள்ளிக்கூட வளவில், மூன்றாம் நாள் பின்னேரம் பொடியள் தாமாகவே ஆடத் தொடங்குவார்கள். அங்கே உங்கள் வாழ்நாள் எதிரிக் கழகமும் அடுத்த வகுப்பறையில்தான் படுத்திருக்கும். ஆள் போதாமல் இரண்டும் ஒரே அணியாக ஆட நேர்ந்தால் தற்காலிக ஏற்பாடு என்று சாட்சி வைத்துச் செய்யுங்கள்.

திரும்பி வந்து மைதானத்தைப் பார்த்தால் புல் இடுப்பளவு நிற்கும். மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கத்துக்குப் போன பந்து போனதுதான். எடுக்கப் போகிறவனை ஒரு வருடம் தடை செய்யுங்கள், உயிரோடு வந்தால். மேடு பள்ளம் நிரவ ஆழமாகக் கிண்டாதீர்கள். 1999இல் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தக் கிண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. மேட்டிலேயே ஆடிப் பழகுங்கள்.

திரும்ப ஊரே இல்லாதவர்களும் உண்டு. வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் வெளிக்கிட்டது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் விடுபட 2017 ஆகவேண்டியிருந்தது. மல்லாகம், கோணாப்புலம் அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகள், தாங்கள் கண்டிராத ஊரின் பெயரில் ஆடினார்கள். அப்படிப்பட்ட கழகத்தின் செயலாளராக நீங்கள் இருந்தால் ஒரு சௌகரியம்: மைதானப் பராமரிப்புச் செலவு இல்லை.

பொழுதுபோக்கு

உலகக்கிண்ணம் நாலு வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருக்கும், யுத்தம் இருக்கிறதென்று நிறுத்தமாட்டார்கள். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் சேர்க்கும்போது 90 நிமிடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். 1994 இறுதியாட்டம் நம்முடைய நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் தொடங்கியது. பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிடம் ஒரு கோலும் போடாமல் எண்ணெயைக் குடித்துவிட்டுப் பெனால்டிக்குப் போனார்கள். இத்தாலியின் பாஜியோ கடைசிப் பெனால்டியைக் கோலுக்கு மேலே அடித்ததைப் பார்க்க ஒரு போத்தல் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். வானொலிக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினால் போதும். சுற்றுகிற வேலையை மாற்று கோல் காப்பாளரிடம் கொடுங்கள். கால் களைத்தாலும் ஆட்டத்துக்குப் பாதகமில்லை.

சமாதானம் வந்தால்

இதுதான் கழகத்துக்கு உண்மையான சோதனை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும், கனடாச் செயலாளர் வீடியோ கமராவோடு வந்து இறங்குவார். ஜேர்சி இரண்டு தொகுதி கொண்டு வருவார், முதுகில் அவருடைய கடையின் பெயர் இருக்கும். வந்த மறுநாள் வாசிகசாலையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடக் கணக்குக் கேட்பார். கொப்பியை நீங்கள் விட்டுவிட்டு ஓடியது அவருக்கு விளங்காது. பொதுக்கூட்டம் கதிரை வீச்சில் முடியும். செல்லடியிலும் இடப்பெயர்விலும் உடையாத கழகம் இரண்டாக உடையும். ஒன்றுக்குப் பழைய பெயர், மற்றதுக்குப் பழைய பெயருக்கு முன்னால் ‘நியூ’.

பதற வேண்டாம். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 பாதை மறுபடி பூட்டப்படும். அடுத்த மாதமே இரண்டு கழகத்திலும் எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர் தேறாது. அப்போது மற்றக் கழகத்தின் செயலாளர் இருட்டுப்படுகிற நேரம் பார்த்து உங்கள் படலையைத் தட்டுவார். தேத்தண்ணீர் கொடுங்கள். ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.