ஊர் காட்டும் அண்ணாச்சி

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே புகுந்து, தென்காசிச் சீமையெங்கும் பூந்தூறலாகச் சாரல் விழத் தொடங்கிவிட்டால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வரப்போகிற பட்டணத்து உறவினர்களை எதிர்பார்த்து, வெள்ளை வேட்டியைச் சலவைக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பிரகிருதி ஒருவர் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒவ்வொன்றிலும் இருக்கிறார். சுற்றுலாத் துறை அவரை நியமிக்கவில்லை. ஊராட்சி அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. விருந்தாளிகளும் அவரை வேண்டி அழைப்பதில்லை. ஆயினும் ஊரைச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பு பரம்பரைப் பாத்தியதையாகத் தமக்கே உரியது என்று அவர் நம்புகிறார். ஊரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. பேசினால், மறுத்தவருக்கே ஊரைக் காட்டத் தொடங்கிவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அவர்தாம் ஊர் காட்டும் அண்ணாச்சி.

வயது அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் எங்கேயாவது இருக்கும். கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, மின்வாரியத்திலோ, நெல் கொள்முதல் நிலையத்திலோ, எதையாவது எண்ணிக் கணக்கெழுதுகிற உத்தியோகத்தில் ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு வேறொன்றும் அகப்படாமையால் ஊரையே எண்ணத் தலைப்பட்டவர். தோளில் துண்டு, கக்கத்தில் குடை. அந்தக் குடை விரிந்து யாரும் பார்த்ததில்லை. சாரலுக்குக் குடை பிடிப்பது கௌரவக் குறைவு என்பது அவருடைய சித்தாந்தம். நனைந்து நடுங்குகிற விருந்தாளியைப் பார்த்து, "மழையா இது? சாரல்லா!" என்பார், அந்த பேதம் தெரிந்தால் சளி பிடிக்காது என்பதுபோல.

விருந்தாளி யார் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது அவருக்கு முக்கியமன்று; ஊருக்கு வந்திருக்கிறார், அது போதும். காலை ஆறு மணிக்கெல்லாம் திண்ணையில் வந்து உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்கள் பல் துலக்குகிற சப்தம் கேட்கும் வரையில் பொறுத்திருந்து, பிறகு ஒரு தரம் கனைப்பார். அந்தக் கனைப்போடு விருந்தாளியின் சுதந்திரம் முடிவடைகிறது.

விடுமுறைக்கு வருகிறவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை, பட்டியலோடுதான் வருகிறார்கள். மாட்டுவண்டிச் சவாரி, பம்புசெட்டுக் குளியல், பனையடியில் நின்று குடிக்கிற பதநீர், தூக்கணாங்குருவிக் கூடு, சூரியகாந்தித் தோட்டத்தில் ஒரு புகைப்படம், குற்றாலத்து அருவி. அண்ணாச்சியிடமும் ஒரு பட்டியல் உண்டு: ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, புதிதாகப் போட்ட சிமெண்டுச் சாலை, பணம் எடுக்கும் இயந்திரம், சமுதாய நலக்கூடம், காற்றாலை. பட்டணத்தார் எது பழையதோ அதைப் பார்ப்பதற்காக 600 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வருகிறார்கள். அண்ணாச்சியோ, எது புதியதோ, எதற்கு இன்ன தொகை செலவாயிற்று என்று சொல்ல முடியுமோ, அதையே பார்க்கத்தக்க வஸ்துவாகக் கருதுகிறார். இந்த இரண்டு பட்டியல்களுக்கும் இடையே நடக்கிற யுத்தத்துக்குத்தான் கிராமத்து விடுமுறை என்று பெயர்.

முதல் நாள் வெற்றி எப்போதும் அண்ணாச்சிக்கே. தொட்டியின் அடியில் குழந்தைகளை நிறுத்தி, கழுத்து வலிக்குமட்டும் அண்ணாந்து பார்க்கச் செய்து, "30,000 லிட்டர்! நிறையுததுக்கு ரெண்டு மணி நேரம், காலியாவுததுக்கு அரை மணி நேரம்" என்று கணக்குச் சொல்வார். மாட்டுவண்டியில் போகவேண்டும் என்று விருந்தாளியின் மனைவி மெதுவாகப் பிரஸ்தாபித்தால், அவர் சிறிதும் தயங்குவதில்லை. "வண்டிக்கு எங்க போவ மருமவளே? கடைசி வண்டியோட சக்கரத்த குற்றாலத்துல ஒரு ரிசார்ட்டுக்காரன் செவத்துல மாட்டி வச்சிருக்கான். பாக்கணும்னா சொல்லு, டிராக்டர்ல போயிப் பாப்போம்." பம்புசெட்டுக் குளியலுக்கு மட்டும் அவர் ஆட்சேபம் சொல்வதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வந்தால்தான் மோட்டார் ஓடும் என்பதால், மூன்று மாதமாக மனசுக்குள் திட்டமிட்ட ஆனந்தத்தை மின்வாரியத்தின் சௌகரியத்துக்கு ஒத்திவைத்து, தலையில் எண்ணெயோடு குடும்பம் முழுவதும் வரப்பில் உட்கார்ந்திருக்க நேரிடும்.

தூக்கணாங்குருவி விஷயத்தில் விருந்தாளியின் மகள் ஒரு முயற்சி செய்வாள். ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்தும்; பெட்டை வந்து பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பிறகே மீதியைக் கட்டி முடிக்கும் என்று புத்தகத்தில் படித்ததை அவள் உற்சாகமாக எடுத்துரைப்பாள். அண்ணாச்சி சற்று யோசித்து, "நம்ம சமுதாயக் கூடமும் அப்படித்தான் பாதியில நின்னுச்சு, என்ஜினியர் வந்து பாத்து ஒப்பம் போட்ட பொறவுதான் பாக்கிய எழுப்புனாக" என்று சொல்லி, அந்தக் கட்டடத்தை நோக்கி எல்லோரையும் நடத்திச் செல்வார்.

சூரியகாந்தியோ, பட்டணத்தார் பட்டியலில் இருந்தும் அண்ணாச்சி தாமே விரும்பிக் காட்டுகிற அயிட்டம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சுந்தரபாண்டியபுரத்து வயல்கள் மஞ்சளித்துக் கிடக்கும்போது கேரளத்திலிருந்தும் கார் காராக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். 1992-இல் வெளியான 'ரோஜா' படப்பிடிப்பு நடந்த ஊர் அது. 2005-இல் வெளியான 'அந்நியன்' படத்துக்காக நடிகர்களின் முகங்கள் தீட்டப்பட்ட பாறையும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் தாமே முன்னின்று அனுமதி வழங்கிய தோரணையில் அண்ணாச்சி விவரிப்பார். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் அதன் நடுவே அவர் சொல்கிற ஒரு வாக்கியம் அந்தப் பிரசங்கம் முழுவதற்கும் ஈடாகும். "சாயங்காலம் போனா ஆயிரம் பூவும் முதுகைத்தான் காட்டும் தம்பி, விடியக்காலம் போனாத்தான் மொகம்." உண்மை. இளம் செடியாகவும் மொட்டாகவும் இருக்கையில் சூரியனைப் பின்தொடர்கிற சூரியகாந்தி, மலர்ந்து முதிர்ந்தபின் கிழக்கு நோக்கி அப்படியே நின்றுவிடுகிறது. மத்தியானம் உண்டு, ஒரு தூக்கம் போட்டு, வெயில் தாழ்ந்தபின் வந்து புகைப்படம் எடுக்கிற நூற்றுக்கணக்கானவர்கள், சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பூவின் பின்புறத்தோடுதான் படமாகிறார்கள். அண்ணாச்சியின் சொற்படி விடியற்காலையில் போனவர்களுக்குப் பூக்களின் முகம் கிடைக்கும். கூடவே, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும், செடியை மிதிக்காதேயென்று குழந்தையை அதட்டியபடியும், வயற்காரரிடம் விதை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தபடியும், குடையும் கையுமாக அண்ணாச்சியும் கிடைப்பார்.

குற்றாலத்துக்குப் புறப்பாடு அதிகாலை மூன்றரை மணிக்கு. விடுமுறையில் இப்படியொரு நேரம் இருக்கிறது என்பதே பட்டணத்தாருக்குச் செய்தி. அருவியில் தண்ணீர் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள் என்பதால், வழி நெடுகக் கைப்பேசியில் யாரிடமோ, "ஆர்ச்சுக்கு மேலயா, கீழயா?" என்று விசாரித்துக்கொண்டே வருவார். கேட்கிறவர்களுக்கு ஏதோ தேர்தல் முடிவு என்று தோன்றும். பேரருவி மலை உச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாகடல் என்ற ஆழ்ந்த பாறைக்குழி அதை ஏந்திப் பொங்கவிட்டுத் தணித்து அனுப்புவதால்தான் மனிதர் அதன் கீழ் நின்று உயிரோடு வெளியே வருகிறார்கள். இந்தப் பௌதிக சாஸ்திரத்தை அண்ணாச்சி அழகாக விளக்குவார். தாம் மட்டும் குளிக்கமாட்டார். எல்லோருடைய உடைகளையும் இரு கைகளிலும் ஏந்தி, ஈரம் படாத இடத்தில் நின்று, "இடுப்பக் காட்டுங்க! இப்ப தோள!" என்று கட்டளையிடுவதிலேயே அவருக்கு ஸ்நான பலன் கிட்டிவிடுகிறது. பிறகு சங்கு வடிவத்தில் அமைந்த குற்றாலநாதர் கோயில், சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய சித்திர சபை, வாசலில் ரம்புட்டான், மங்குஸ்தான். திரும்புகிற வழியில் தென்காசிக் கோபுர வாசலில் காற்று முந்தானையையும் துண்டையும் பறித்துக்கொண்டு போக, விருந்தாளிகள் அதைத் துரத்துகையில், பின்னாலிருந்து அந்த ஒன்பது நிலைக் கோபுரம் தீயில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்று 1990-இல் மறுபடி எழும்பிய வரலாற்றை உரத்த குரலில் சொல்லிக்கொண்டு வருவார். பிரானூர்ப் பரோட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். அங்கே அவர் பேசுவதில்லை.

மூன்றாம் நாள் மாலை, இரு பட்டியல்களும் தீர்ந்தபின், அண்ணாச்சி அவர்களைக் குளத்தங்கரை வழியாக வீட்டுக்கு அழைத்து வருவார். குளம் அவருடைய பட்டியலில் என்றுமே இருந்ததில்லை, அது காட்டத்தக்கது என்ற அபிப்பிராயமும் அவருக்கில்லை, குறுக்குவழி, அவ்வளவே. ஆனால் என் அனுபவத்தில், அந்த மூன்று நாட்களிலும் பார்த்தவற்றுள் பார்க்கத்தக்கது அந்தக் கரைதான். அவர் பேசியவற்றுள் கேட்கத்தக்கதும், பெருமையின்றி அங்கே அவர் முணுமுணுக்கிற பேச்சுத்தான். குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு, அருவியாக விழுந்து வந்தவர்களையெல்லாம் குளிப்பாட்டிவிட்டு, சமவெளிக்கு இறங்கியதும் அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்தாக, மிஞ்சியது சீவலப்பேரியை அடுத்துத் தாமிரபரணியில் சேர்கிறது. எந்த மடையை எந்த வரிசையில் திறப்பது, மேலூர்க்காரன் அடைத்தால் கீழூர்க்காரன் யாரிடம் போய் நிற்பது, கோடையில் கரம்பை மண்ணை எவ்வளவு அள்ளலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து தாமே உதிரும். தொகை ஒன்றும் அவர் சொல்லமாட்டார். யாரும் செலவுக் கணக்கு எழுதிவைக்காத காலத்தில் வெட்டியதாயிற்றே.

"நேத்து நீங்க குளிச்ச தண்ணி இன்னைக்கோ நாளைக்கோ இங்கன வந்துரும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, விருந்தாளியின் சின்ன மகன் கரையில் குந்தி, அருவியில் தவறவிட்ட தன் ஒற்றைச் செருப்பை நீர்ப்பரப்பெங்கும் தேடத் தொடங்கினான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "செருப்பு வராது தம்பி, அணைக்கட்டு ஷட்டர்ல நின்னுரும்" என்று, பொறுப்புள்ள அதிகாரியாகப் பதில் சொன்னார்.

அண்ணாச்சிக்கும் விடுமுறை உண்டு. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற மகன், வருஷத்துக்கு ஒரு தரம் அப்பாவை வரவழைத்து, லால்பாக்கையும் விதான சௌதாவையும் காட்டுவதற்குத் திட்டமிடுவான். அவர் முதல் நாள் மரியாதைக்காகப் பார்ப்பார். இரண்டாம் நாள் காவலாளியோடு பேச்சுக் கொடுப்பார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, எட்டு வருஷமாக அங்கே குடியிருந்தும் தங்கள் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறியாத மென்பொருள் நிபுணர் நால்வரை, அடித்தளத்தில் இருக்கிற நிலத்தடித் தொட்டி, மோட்டார் அறை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றைக் காட்ட அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். பொங்கலுக்கு ஊரிலேயே இருங்கள் என்று மகன் இதமாக எழுதிப் பார்த்தும் பயனில்லை. மூன்றாவது பிளாக்கில் புதிதாக இரண்டு குடும்பங்கள் வந்திருக்கின்றனவாம். தீயணைப்புப் பம்பை அவர்கள் இன்னும் பார்க்கவில்லையாம்.